5 கிலோமீட்டர் ஓடியும் 1.6 கி.மீ. நேரம் ஏன் குறையவில்லை?

திருவொற்றியூரில் இருந்து 19 வயது தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராணுவத்தில் அக்னிவீராகச் சேர எழுதிய ஆன்லைன் தேர்வில் பாஸ், உடல்தகுதித் தேர்வு நடக்கும் ரேலிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் 5 கி.மீ. ஓடுகிறேன், ஆனாலும் 1.6 கி.மீ.க்கு 6 நிமிடம் 20 வினாடி ஆகிறது. பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குவது) 5தான் வருகிறது. பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?"

தம்பி, முதலில் அந்தச் சாலையை விடுங்கள். கன்டெய்னர் லாரிப் புகையில் ஓடினால் நுரையீரலும் வளராது, சிமெண்டுத் தரையில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிதான் வரும். அப்புறம், அந்த 6:20 எங்கே எடுத்தது? கால்பந்து கிரவுண்டின் கோட்டைச் சுற்றி நான்கு ரவுண்டு என்றால் அது 1.6 கிலோமீட்டரே இல்லை. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள கிரவுண்டில்கூட நான்கு சுற்றுக்கு 1,384 மீட்டர்தான் வரும், நம்ம ஏரியா கிரவுண்டுகள் பல அதைவிடச் சின்னவை. 400 மீட்டர் டிராக்கில் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

5:30க்குள் முடித்தால் 60 மதிப்பெண், 5:45க்குள் 48. 2025 விதிப்படி 6:15 வரை தகுதி உண்டு, ஆனால் மதிப்பெண் அடியில் போய்விடும். 5:30 என்றால் ஒரு சுற்றுக்கு 82 வினாடி, நீங்கள் இப்போது எடுப்பது 95. தினமும் 5 கி.மீ. மெதுவாக ஓடுகிற உடம்புக்கு அந்த 82 எப்படி இருக்கும் என்றே தெரியாது, அதனால்தான் நேரம் நகரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 88 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள், இப்படி ஐந்து தடவை. வாரம் போகப் போக ஒன்றிரண்டு வினாடி குறையுங்கள். இன்னொரு நாள் 800 இரண்டு தடவை, ஒரு நாள் நிதானமாக 5 கி.மீ., ஒரு நாள் முழு ஓய்வு. இரண்டு மாதத்தில் 5:30 வருமா என்றால் எனக்குச் சந்தேகம்தான், 5:45ஐக் குறி வையுங்கள். ரேலியில் பேட்ச் பேட்சாக விடும்போது முதல் 200 மீட்டர் எல்லோரும் வெறி பிடித்த மாதிரி பாய்வார்கள், கூடப் போனால் மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும்.

பீமில் குறைந்தது 6 வேண்டும், 10 எடுத்தால் முழு 40. ஒரே மூச்சில் தொங்கிச் சாகாமல், நாள் முழுக்க மூன்று மூன்றாக ஐந்தாறு தடவை எடுங்கள். மேலே குதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து வினாடி எண்ணி மெல்ல இறங்கும் பயிற்சிதான் 5ஐ 8 ஆக்கும். கை முழுசாக நீள வேண்டும், தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும், ஆடினால் எண்ண மாட்டார்கள். ரேலியில் ஓடிக் களைத்த கையோடுதான் பீம் என்பதால் வாரத்தில் ஒரு நாளாவது ஓடி முடித்ததும் செய்து பாருங்கள். 9 அடி பள்ளத்தைத் தாண்டி, ஜிக்-ஜாக் என்ற வளைந்து வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடந்தால் போதும், இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை.

மெடிக்கலுக்குப் போகுமுன் காது டாக்டரிடம் அழுக்கை எடுத்துவிடுங்கள், இதற்கே திருப்பி அனுப்பப்படுகிற பையன்கள் உண்டு. மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். ஊசி, மாத்திரை என்று ஜிம்மில் யாராவது கொடுத்தால் தொடாதீர்கள்.

பணம் கேட்பவர் விஷயம். ஓட்டத்தை வாட்ச் அளக்கிறது, எழுத்துத் தேர்வைக் கம்ப்யூட்டர் திருத்துகிறது, இதில் அவர் எதை முடித்துத் தருவார்? நீங்களாகவே தேர்வானால் "நான்தான் செய்தேன்" என்பார், இல்லாவிட்டால் போன் எடுக்க மாட்டார். மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று எழுதினாலும் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு வழி இருக்கிறது, அந்தப் பதற்றமான நேரத்தில்தான் இவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். சந்தேகம் எதுவாக இருந்தாலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள், உங்கள் வீட்டில் இருந்து ஒரு பஸ் தூரம்தான்.