நெல் போட்ட பணம் எதுவரை வரும்?

கேள்வி: தை மாதம் சம்பா நெல் போட்ட பணம் வந்ததும் வீடே கலகலவென்று இருக்கிறது. சித்திரை முடிவதற்குள் கைமாற்று வாங்குகிறோம். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் பட்ஜெட் போட முடியுமா அக்கா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முடியும் தங்கச்சி. நானும் திருவாரூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள்தான். என் மாமியார் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி, மாதாமாதம் அளந்துதான் எடுப்பார். பணத்தை மட்டும் நாம் ஏன் மொத்தமாக எடுக்கிறோம்?

கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக்கு வந்ததும் அடுத்த சாகுபடிக்கான உழவு, விதை, நடவுக் கூலியைத் தனியே ஒதுக்கிவிடுவேன். கொழுந்தனார் கல்யாணமே வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. மிச்சத்தை எட்டால் வகுப்பேன். குறுவைப் பணம் வரும் புரட்டாசி வரை எட்டு மாதம். 96,000 ரூபாய் இருந்தால் மாதம் 12,000. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காமல் குறுவை போகும்போல் தெரிந்தால் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், மாதம் 8,000தான். அந்த வருடம் புதுப் புடவைப் பேச்சே கிடையாது.

கரண்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ரேஷனில் அரிசி இலவசம். அதனால் கரண்டிலும் சாப்பாட்டிலும் பணம் அவ்வளவாகக் கரையாது. கரைப்பது மொய்தான்! வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பே பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்கு 500 வைத்தவருக்கு நான் 2,000 வைத்திருக்கிறேன், அதுவும் வேனுக்குத் தனியாகக் காசு கொடுத்துப் போய்.