எல்லோரும் ‘வருவேன்’ என்கிறார்கள். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு பியூட்டி பார்லரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். திருமணமாகித் திருப்பூர் வந்த பிறகு, அனுப்பர்பாளையம் பக்கம் பெண்களுக்கான பார்லர் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க நினைக்கிறேன். கடையும் பார்த்தாகிவிட்டது. மாடியில் இருக்கிறது, வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஆடி கழிந்ததும் ஆவணியில் திறக்க ஆசை. வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பிக் கேட்டதில் 84 பேர் பதில் போட்டார்கள். 76 பேர் ‘கண்டிப்பாக வருவேன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் கணவர், ‘நேரில் நாலு பேரிடம் பேசிப் பார்’ என்கிறார். யாரிடம் போய், என்னவென்று கேட்பது?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த 76 பேரும் பொய் சொல்லவில்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள் யார்? நாத்தனார், ஓரகத்தி, கூடப் படித்த தோழிகள், கோவைக் கடையில் பழக்கமானவர்கள். ‘உன் கடைக்கு வர மாட்டேன்’ என்று இவர்களில் யார் எழுதுவார்கள்? ‘வருவேன்’ என்று சொல்லாமல் விட்ட எட்டுப் பேர் இருக்கிறார்களே, அவர்கள் யாரென்று தெரிந்தால் முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள். உங்களுக்கு உருப்படியான தகவல் அங்கேதான் கிடைக்கும்.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஏமாந்தவள்தான். ஒரு சின்ன ஊரில், கடைவீதியில், மாடியில் பார்லர் போட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘நமக்கு இப்படி ஒன்று இல்லையே என்றிருந்தோம்’ என்றார்கள். திறப்பு விழாவுக்கு வந்து கேசரி சாப்பிட்டார்கள். அதோடு சரி. ஏழாவது மாதம் மூடினேன். மூடி வெகுநாள் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா காரணத்தைச் சொன்னார். மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு டீக்கடை. எந்நேரமும் நாலைந்து ஆண்கள் அந்தப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுப்பி வழி கேட்டு, ‘இவள் பார்லருக்குப் போகிறாள்’ என்று தெருவே பார்க்க மேலே ஏற எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. நான் கேட்டதெல்லாம் ‘பார்லர் வந்தால் நல்லதுதானே?’ என்ற ஒரே கேள்வி. அதற்கு இந்தப் பதில் எப்படி வரும்? உங்கள் கடையும் மாடியில் என்பதால் இதைச் சொல்கிறேன். படி எங்கே ஆரம்பிக்கிறது, அங்கே மாலையில் யார் நிற்கிறார்கள் என்று இன்றே போய்ப் பாருங்கள்.

ஆக, நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். நேற்று என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ‘வருவீர்களா?’, ‘பிடிக்குமா?’, ‘எவ்வளவு கொடுப்பீர்கள்?’ ஆகிய மூன்றையும் அடியோடு விட்டுவிடுங்கள். கடைசியாக எப்போது போனார்கள், எங்கே, எவ்வளவு கொடுத்தார்கள், எப்படிப் போனார்கள், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் நடந்து முடிந்தவை. அவற்றில் உங்களைச் சந்தோஷப்படுத்துவதற்கு இடமே இல்லை.

ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். இடம், பிளவுஸ் தைக்கும் கடை. அளவு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், ‘நான் அழகுக் கலை படித்தவள், பார்லருக்குப் போகிறவர்களின் அனுபவங்களைத் தெரிந்துகொள்கிறேன், பத்து நிமிடம் பேசலாமா?’ என்று கேட்டாயிற்று.

‘அக்கா, கடைசியாக எப்போது பார்லருக்குப் போனீர்கள்?’

‘ரெண்டு மாதம் இருக்கும். சித்தி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள்.’

‘என்ன செய்துகொண்டீர்கள்?’

‘ஐப்ரோ மட்டும் எடுக்கத்தான் போனேன். முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது என்று சொல்லி அந்தப் பெண் ஃபேஷியலும் செய்துவிட்டாள். 1,100 ரூபாய் ஆகிவிட்டது.’

‘அப்புறம்?’

‘அப்புறம் என்ன, வீட்டில் 500 என்று சொல்லிவிட்டேன்.’ சிரிக்கிறார். ‘அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. ஐப்ரோ எப்படி வளர்ந்து கிடக்கிறது, பாருங்கள்.’

இந்த நாலு வரியில் எவ்வளவு இருக்கிறது! இவருக்குத் தேவை இருக்கிறது, புருவமே சாட்சி. விலை ஒத்துவராமல் அவர் நின்றுவிடவில்லை. முகத்தைக் குறை சொல்லி விற்றதும், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லாததும்தான் அவரை விரட்டியிருக்கிறது. ஃபேஷியலின் உண்மையான விலையை வீட்டில் சொல்ல முடியாது என்பது இன்னொரு சேதி. ‘எங்கள் கடையில் விலைப்பட்டியல் மாட்டியிருந்தால் வருவீர்களா?’ என்று ஃபார்மில் கேட்டிருந்தால் 84 பேரும் ‘ஆமாம்’ என்றிருப்பார்கள். உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தப் பேச்சில் மிக நல்ல கேள்வி எது என்று பார்த்தீர்களா? ‘அப்புறம்?’ அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நம்மைப் போன்ற தொழில்காரிகளுக்கு அதுதான் கஷ்டம். ‘ஐயோ, நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் அக்கா, என் கடையில்...’ என்று ஆரம்பித்துவிடுவோம். ஆரம்பித்த நிமிடமே அவர் விருந்தாளி ஆகிவிடுவார். பிறகு வருவதெல்லாம் மரியாதைப் பேச்சுதான். கடை போடும் எண்ணத்தைப் பேச்சு முடியும்போது சொல்லிக்கொள்ளலாம்.

யாரிடம் பேசுவது? திருப்பூரில் ‘பெண்கள்’ என்று ஒரே கூட்டமாக எண்ண முடியாது. பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சன்டைசராகவும் கணக்குப் பிரிவிலும் இருப்பவர்கள் இன்னொரு வகை. பள்ளிக்கூட வாசலில் மாலையில் குழந்தைக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் வேறு. முதலாளி வீட்டுப் பெண்களை விட்டுவிடுங்கள். காரில் கோவைக்குப் போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் மாடிப்படியை ஏறப் போவதில்லை. மற்ற மூன்று வகையிலும் வகைக்கு ஐந்தாறு பேரிடம் பேசினால் போதும். ஐந்தாவது ஆளிடம் பேசும்போதே, முதல் மூவர் சொன்னது திரும்ப வருவது தெரியும். வகைகளைக் கலந்து கூட்டிக் கழிக்காதீர்கள். எல்லோரும் சொல்வதைச் சேர்த்துக் கடை போட்டால், யாருக்கும் பொருந்தாத கடையாகிவிடும்.

பனியன் கம்பெனிப் பெண்களிடம் பேசும்போது கிழமையைக் கட்டாயம் கேளுங்கள். இந்த ஊரில் பல கம்பெனிகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை கைக்குக் காசு வரும், ஞாயிறுதான் ஓய்வு. அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியாது. உங்கள் வீடு இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதும் இந்த ஆராய்ச்சியில் ஒரு கேள்விதான். கணவரிடம் அதைக் கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறார்கள் என்பதை ஏன் துருவிக் கேட்கச் சொல்கிறேன் என்றால், கணக்கு அங்கேதான் உதைக்கும். ஐப்ரோவுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் வாடகைக்கு மட்டுமே மாதம் 300 ஐப்ரோ, அதாவது ஒரு நாளும் விடாமல் பத்துப் பேர். எடுத்த புருவம் வளர மூன்று நான்கு வாரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அந்த 300 பேரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். நீங்கள் பேசுகிறவர்கள் ‘கல்யாணம், காதுகுத்து வந்தால்தான் போவேன்’ என்று சொன்னால், அந்த 300 எங்கிருந்து வரும்? ‘அடிக்கடி போவேன்’ என்பதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ‘சித்திரையில் போனீர்களா? அதற்கு முன்னால்?’ என்று மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போங்கள். ‘அடிக்கடி’ பல நேரம் வருடத்துக்கு மூன்று தடவையாகச் சுருங்கிவிடும்.

விலை கேட்கும்போது இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ‘பெரிய கடையில் வரியே தீட்டிவிடுகிறார்கள்’ என்று யாராவது சொன்னால், அது எப்போது போட்ட பில் என்று கேளுங்கள். அவர் மனதில் இருப்பது பழைய விலையாக இருக்கலாம். அதை நம்பி உங்கள் விலையை வைத்துவிடக் கூடாது.

மணப்பெண் அலங்காரத்தில்தான் பணம் என்று நினைத்திருப்பீர்கள். அதை விசாரிக்க, கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் போகாதீர்கள். அவள் கனவைச் சொல்வாள். கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் இருக்கும் பெண்ணிடம் போங்கள். போனில் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவாள். ஒவ்வொரு படமாக, ‘இந்தத் தலை அலங்காரம் யார் செய்தது? அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது?’ என்று கேட்டு வாருங்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்து, மண்டபத்துக்கே வந்து செய்யும் மேக்கப் கலைஞரைப் பிடித்திருப்பாள். அப்படிப்பட்டவருக்குக் கடையே தேவையில்லை. பார்லருக்கு மிஞ்சியது அக்கா, தங்கை, அத்தை என்று வீட்டுப் பெண்களின் ஐப்ரோவும் தலையலங்காரமும் மட்டும் என்று தெரியவரலாம். அதுவும் நல்ல வியாபாரம்தான். ஆனால் அதற்குத் தேவையான நாற்காலியும் ஆளும் வேறு.

பேச்சை ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். பதிவு என்றதும் நம் பெண்கள் டிவி பேட்டி போலப் பேசத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம். முடித்துவிட்டு வண்டியில் ஏறும் முன், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ‘விலை அதிகம் என்கிறார்’ என்று நீங்கள் சுருக்கி எழுதினால் ‘வீட்டில் 500 என்று சொல்லிவிட்டேன்’ போய்விடும்.

பேசி முடித்ததும் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ‘திறந்த முதல் மாதத்தில் வர இப்போதே 100 ரூபாய் கொடுத்துப் பெயர் எழுதிக்கொள்கிறீர்களா? கடை திறக்காவிட்டால் திருப்பித் தந்துவிடுவேன்.’ பணம் தராவிட்டாலும், ‘என் ஓரகத்தியிடம் பேசுங்கள்’ என்று நம்பர் கொடுத்தால் அதுவும் கணக்கில் சேரும். ‘கண்டிப்பாக, திறந்ததும் சொல்லுங்கள்’ என்றால் அது 77ஆவது ஓட்டு. நோட்டில் ஏற்ற வேண்டாம்.

ஆடியில் புதுக் கடை பிடிக்கப் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். அதனால் கட்டட உரிமையாளரிடம் ‘ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் தருகிறேன்’ என்று தைரியமாகச் சொல்லலாம். சின்னத் தொகை வேண்டுமானால் கொடுத்து வையுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் தையல் கடை அக்காமாருக்கும் பேச நேரம் இருக்கும். ஆனால் மற்ற பார்லர்கள் காற்று வாங்குவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தீபாவளி போனஸ் வாரத்துக் கூட்டத்தை நினைத்து மயங்கவும் வேண்டாம்; இரண்டுமே சாதாரண மாதம் இல்லை.

முதல் பேச்சுக்குக் கிளம்பும் முன், நோட்டின் முதல் பக்கத்தில், என்ன தெரியவந்தால் இந்த மாடிக் கடையை எடுக்க மாட்டேன் என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கணவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு எழுதினால், கிடைத்த பதில்களுக்குத் தகுந்தபடி அது மாறிவிடும். பதினைந்து பேரிடம் பேசியதும் அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அட்வான்ஸ் பேச்சை அப்போது பேசலாம்.