வேலைகளை மறக்காமல் முடிக்க எந்த ஆப் நல்லது?

அன்றாட வேலைகளை மறக்காமல் முடிக்க எந்த ஆப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆப் எதுவும் பயன்படுத்துவதில்லை. 80 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா ஒன்று, அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாதம் பிறந்தால் 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரி), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு), 15ஆம் தேதி தொழிலாளர்களின் பிஎஃப், ஈஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்கும் வரியும்). சனிக்கிழமையானால் வாரச் சம்பளம் போட வேண்டும். நடுவில் சாயப்பட்டறை பில், நிட்டிங் பில், பணம் எப்போது வரும் என்று கேட்டு வரும் போன்கள். முதல் மூன்று வருடம் எல்லாவற்றையும் போனில்தான் வைத்திருந்தேன். ஒரு 7ஆம் தேதி காலை டிடிஎஸ் கட்டச் சொல்லி போன் நினைவூட்டியது. கையில் வேறு வேலை இருந்ததால் 'அப்புறம்' என்று தள்ளிவிட்டேன். மதியமும் அதையே செய்தேன். கட்டியது 9ஆம் தேதி. இரண்டு நாள்தானே என்று விட மாட்டார்கள். தாமதத்துக்கு வட்டி உண்டு, அது மாதக் கணக்கு, மாதத்துக்கு 1.5 சதவீதம். முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தபோது தவறு மறதியில் இல்லை என்று புரிந்தது. போனில் ஒரு வேலையைத் தள்ளிப்போட விரலை ஒரு தரம் நகர்த்தினால் போதும். அதனால் பட்டியலில் நாற்பது, ஐம்பது என்று சேர்ந்துகொண்டே போனது. செய்யப்போவதும் செய்யவே போகாததும் ஒரே வரிசையில் நின்றதால் எதையும் நான் உண்மையில் பார்க்கவில்லை.

நோட்டில் அப்படி நடக்காது. இன்று முடியாத வேலையை நாளைய பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டும். முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாளும் 'பழைய பாக்கி பார்ட்டிக்குக் கடிதம்' என்று எழுதும்போது, இதை ஏன் சுமக்கிறேன் என்ற கேள்வி தானாக வந்துவிடும். அப்போது மூன்றே வழிதான்: இப்போதே செய்வது, வேறொருவரிடம் கொடுப்பது, வேண்டாம் என்று அடித்துவிடுவது. நோட்டில் கையால் வேலைப் பட்டியல் எழுதும் புல்லட் ஜர்னல் முறையை 2013இல் வெளியிட்ட ரைடர் கரோல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரும் இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறார். திரும்ப எழுதும் சிரமத்துக்குத் தகுதியில்லாத வேலை, செய்வதற்கும் தகுதியில்லாததாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சிறு வயதிலிருந்தே கவனக் குறைபாட்டோடு போராடியவர் தனக்காக உண்டாக்கிய முறை அது. அவருடைய குறியீடுகள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்ப எழுதுவது மட்டும் போதுமாக இருந்தது.

எழுதுவது சாயந்திரம், ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம். காலையில் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. உட்காரும்போதே நாலு பேர் நாலு வேலை சொல்லிவிடுகிறார்கள், என் பட்டியல் அவர்கள் பட்டியலாகிவிடுகிறது. சாயந்திரம் எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. டெக்சஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப்பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள், மறுபாதி முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து 'அந்த இன்வாய்ஸ் போட்டேனா' என்று கூரையைப் பார்த்துக் கிடந்தவள் என்பதால் நான் அதை நம்புகிறேன்.

எழுதும் விதமும் முக்கியம். 'ஜிஎஸ்டி' என்று ஒற்றை வார்த்தையாக எழுதினால் மறுநாள் அதைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். 'கொள்முதல் பில்களை 2பி-யோடு (ஜிஎஸ்டி தளத்தில் வரும் கொள்முதல் பட்டியல்) ஒத்துப் பார்' என்று எழுதினால் கை தானாக அந்த ஃபைலுக்குப் போகும். ஒரு நாளுக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. முடிந்ததும் டிக் போட மாட்டேன், குறுக்கே கோடு இழுப்பேன். சாயந்திரம் கோடுகளாக நிறைந்த பக்கத்தைப் பார்க்கும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிய நாட்கள் உண்டு.

நோட்டு மணி அடிக்காது என்பது நிஜம். அதனால் 7, 11, 15, 20 நான்கு தேதிகளுக்கும் இரண்டு நாள் முன்பாக போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் நோட்டில் எழுதுவேன். போனுக்கு அந்த ஒரு வேலை மட்டும்தான்.

விலை கூடின டைரி வாங்க வேண்டாம். அழகான டைரியில் கிறுக்க மனசு வராது, பத்து நாளில் அலமாரிக்குப் போய்விடும். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், மேலே பிள்ளையார் சுழி போட்டு, அன்றைக்கு முடிக்க வேண்டிய சைக்கிள்களையும் வாங்க வேண்டிய சாமான்களையும் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது அதை எடுத்து ஒரு தரம் பார்ப்பார். மிச்சமிருப்பதை மறுநாள் தாளில் எழுதிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.