வேலூரில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கென்று என்ன செய்துகொள்ளலாம்?

சுய பராமரிப்பு என்றால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கொஞ்ச நேரம், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்கார்ந்தாலும் நாளைக்கு என்ன குழம்பு, எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் களைப்பு தீர்வதில்லை. பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்குத் தெரியும்: மொண்டு முடித்ததும் சற்று விட்டால்தான் மறுபடி சுரக்கும்.

காலையிலேயே கோட்டைக்குத் தனியாகப் போங்கள் (நம்ம ஊர் வெயில் பத்து மணிக்கே விரட்டிவிடும்). அகழி ஓரம் நடந்துவிட்டு, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களை அவசரமில்லாமல் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. டிபனை அன்றைக்கு வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

குடும்பத்தோடு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போய்வந்ததையே அம்மாவின் ஓய்வாகக் கணக்கு வைப்பவர்கள் உண்டு. புளிசாதம் கட்டி, பையைத் தூக்கி, பிள்ளைகளை மேய்த்தவர் அவர்தானே, அது இடம் மாறிய வேலை.