வானியல் கேள்வி பதில்: கைக்கு வருவது வெளிச்சம் மட்டும்தான்

நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாக்கிவிட்டு, எனக்குப் பிடித்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அந்த நட்சத்திரத்தில் ஹைட்ரஜன், இந்த நட்சத்திரத்தில் இரும்பு என்கிறார்களே, யாரும் போய் அள்ளிக்கொண்டு வரவில்லையே? எல்லாம் ஊகம்தானே?

போக வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கென்று உள்ள அலைநீளங்களை மட்டும்தான் விழுங்கும். சோடியம் என்றால் 589.0, 589.6 நானோமீட்டர், ஹைட்ரஜன் என்றால் 656.3, 486.1 என்று போகும். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அந்தந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். சூரிய ஒளியில் இப்படி 500-க்கும் மேற்பட்ட கோடுகளை ஃபிரான்ஹோஃபர் 1814 வாக்கிலேயே குறித்து வைத்துவிட்டார், ஆனால் அவை என்னவென்று அவருக்குத் தெரியாது. 1860-ஐ ஒட்டி கிர்க்காஃபும் புன்சனும் ஆய்வகச் சுடரில் தனிமங்களைப் போட்டு ஒப்பிட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

நான் முதல்முறை இதைப் பார்த்தது, மில்லிமீட்டருக்கு 100 கோடு கிழித்த சின்ன கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி) ஒன்றை கேமராவுக்கு முன்னால் மாட்டி வேகா நட்சத்திரத்தைப் பிடித்தபோது. திரையில் ஒரு புள்ளி, அதற்குப் பக்கத்தில் சாயத்தை விரலால் இழுத்துவிட்டது போல ஒரு பட்டை, அந்தப் பட்டைக்குள் பிளேடால் கீறியது போல மூன்று நான்கு இருட்டுக் கீற்றுகள். அவ்வளவும் ஹைட்ரஜன்! 25 ஒளியாண்டு தாண்டி வந்தது.

ஆனால் கோடு ஆழமாக இருந்தால் அந்தத் தனிமம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. ஹைட்ரஜன் கோடு வேகாவில் ஆழம், சூரியனில் மெலிவு, திருவாதிரையில் இன்னும் மெலிவு. மூன்றிலும் ஹைட்ரஜன்தான் பெரும்பகுதி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஹைட்ரஜன் கோடு விழ வேண்டுமானால் எலக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேகாவின் 10,000 கெல்வின் அளவு சூட்டில் அதற்குப் போதுமான அணுக்கள் கிடைக்கும், சூரியனின் 5,800-ல் ஏறக்குறைய எல்லாமே அடிமட்டத்தில் கிடக்கும், ரொம்பச் சூடான நட்சத்திரத்திலோ எலக்ட்ரானே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சிசிலியா பெய்ன் 1925-ல் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனே என்று கண்டுபிடித்தார். அப்போது செல்வாக்கோடு இருந்த வானியலாளர் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை, அதனால் அந்த முடிவு அநேகமாக உண்மையல்ல என்று பெய்னே தன் ஆய்வேட்டில் எழுத வேண்டியதாயிற்று. 1929-ல் ரஸ்ஸலும் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

கேள்வி: நல்ல தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கும்? நிலவில் நட்ட கொடி தெரியுமா?

மடங்கைக் கேட்காதீர்கள், விட்டத்தைக் கேளுங்கள். இருட்டில் விரிந்த கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் ஆடி அதைவிட 800 மடங்கு ஒளி சேர்க்கும். நுணுக்கமும் விட்டத்தைப் பொறுத்ததுதான். நிலவில் ஒரு மீட்டர் பொருளைப் பிரித்துக் காட்ட ஏறக்குறைய 250 மீட்டர் அகல ஆடி வேண்டும், 2.4 மீட்டர் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கே அது எட்டாது. தரையிலிருந்து பார்த்தால் காற்றின் கலக்கம் வேறு, பெரும்பாலான இரவுகளில் ஒரு விகலைக்கு (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு கோணம்) கீழே போகவே விடாது.

கேள்வி: படத்தில் சிவப்பும் நீலமுமாக இருந்த நெபுலா என் கண்ணுக்குச் சாம்பல் புகையாகத்தான் தெரிகிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களும் ஏமாற்று வேலையா?

மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது. கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்கவும் முடியாது, சென்சார் மணிக்கணக்கில் சேமிக்கும். வெப் பிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. அதனால் குறைந்த அலைநீளத்துக்கு நீலம், அதிக அலைநீளத்துக்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுக்கிறார்கள். கேட்காத சுருதியைக் கேட்கிற சுருதிக்கு இறக்கிப் பாடுவது மாதிரி.

கேள்வி: தூரம்?

ஒற்றைச் சொல்லில் கேட்டுவிட்டீர்கள்! பக்கத்தில் உள்ளவற்றுக்கு இடமாறு தோற்றம். பூமி ஆறு மாதத்தில் சூரியனின் மறுபக்கம், அதாவது 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்தது போலத் தெரியும். 1838-ல் பெஸல் 61 சிக்னி நட்சத்திரத்துக்கு அளந்த கோணம் விகலையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு விகலை என்றால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு சென்டிமீட்டர் பொருள்.

அதற்கு அப்பால் செஃபீடுகள், அதாவது துடித்துத் துடித்துப் பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரங்கள். மெதுவாகத் துடிப்பது அதிகப் பிரகாசம் என்று லீவிட் கண்டுபிடித்த விதி, 1912-ல் வெளிவந்தது. இதை வைத்து வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்குச் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, இன்றைய கணக்கு 25 லட்சம். செஃபீடில் இரண்டு ரகம் உண்டு என்பது அப்போது தெரியாது.

கேள்வி: 2019-ல் வந்த கருந்துளைப் படம் புகைப்படமே இல்லை, கணினி வரைந்தது என்கிறார் நண்பர்.

பாதி சரி. எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள அந்த வளையம் வெறும் 42 மைக்ரோ விகலை. 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் அதைப் பிரிக்க பூமி அளவு தொலைநோக்கி தேவை. அதற்காகப் பல கண்டங்களில் இருந்த தொலைநோக்கிகளை 2017 ஏப்ரலில் ஒரே நேரத்தில் அங்கே திருப்பி, அணுக் கடிகாரத்தோடு பதிவு செய்தார்கள். இணையத்தில் அனுப்ப முடியாத அளவு தரவு, அதனால் ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். பூமி முழுக்கத் தொலைநோக்கி கிடையாதே, இடைவெளிகளைக் கணக்குத்தான் நிரப்ப வேண்டும். நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே செய்தபோதும் வளையம்தான் வந்தது. நான் நம்புவது அந்தக் காரணத்தால்தான்.

கேள்வி: சின்னத் தொலைநோக்கியை வைத்து வேறு சூரியனின் கோளைப் பிடிக்க முடியுமா?

படமாக முடியாது, நிழலாக முடியும். ஹெச்டி 209458 நட்சத்திரத்தின் கோள் மூன்றரை நாளுக்கு ஒருமுறை குறுக்கே போகும்போது ஒளி ஒன்றரை சதவீதம் குறையும். 1999-ல் அதை முதலில் பிடித்த தொலைநோக்கியின் விட்டமே 10 சென்டிமீட்டர்தான். குவியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுங்கள். ஒளி பல பிக்சலில் பரவினால் ஒரு பிக்சலின் கோளாறு கணக்கைக் கெடுக்காது. அருகிலுள்ள இரண்டு மூன்று நட்சத்திரங்களோடு ஒப்பிட்டே அளவெடுங்கள், மெல்லிய மேகம் வந்தால் எல்லாமே சேர்ந்து மங்கும்.

அப்புறம் ஃபிளாட் ஃபிரேம், அதாவது தூசி நிழலைக் கழிக்க, ஒரே சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படம். கேமராவை அசைக்காமல் எடுத்தால்தான் நிழல் அதே இடத்தில் பொருந்தும். ஒரு முறை கேமராவைக் கழற்றித் திருப்பி மாட்டிய பிறகு ஃபிளாட் எடுத்தேன். ஒளி வளைவில் (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) அழகாக ஒரு பள்ளம் விழுந்தது, கோள்தான் என்று துள்ளினேன். அடுத்த நாள் பார்த்தால் தூசித் துகள் போட்ட வளையத்தின் மேல் நட்சத்திரம் மெல்ல ஊர்ந்து போயிருந்தது.