கிடுகு வேலி யாருடையது?

கேள்வி: ஊர் நினைவு, வீட்டுச் சங்கதி, அன்றாட அனுபவம் என்று எழுதுகிற மூன்று நாலு பேரை விடாமல் வாசிக்கிறேன். நானும் அப்படி எழுதத் தொடங்கி ஒரு வருசமாகிறது. போன மாதம் என் கட்டுரையை வாசித்த சிநேகிதி, "இது நீ எழுதினமாதிரி இல்லையடி, அவர் எழுதினமாதிரிக் கிடக்கு" என்றாள். கொஞ்சக் காலம் வாசிப்பை நிறுத்தட்டா? கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கோண்டாவில், யாழ்ப்பாணம்

பதில்: நிறுத்த வேண்டாம். காதில் ஏறிய தாளம் வாசிப்பை விட்டவுடன் இறங்கிவிடாது. என்ன ஒட்டியிருக்கிறதென்று முதலில் பாருங்கள்.

உங்கள் கடைசி மூன்று கட்டுரைகளையும் தாளில் அச்செடுங்கள். ஒவ்வொரு பந்தியிலும் முதல் வசனத்துக்கும் கடைசி வசனத்துக்கும் கோடு போடுங்கள். வசனங்கள் எந்தச் சொல்லில் முடிகின்றன என்பதை ஓரத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் அனுப்பியதில் முதல் இருபது வசனத்துள் ஏழு "போலும்" என்று முடிகின்றன. ஒற்றை வரிப் பந்திகள் ஐந்து, மூன்று புள்ளி வைத்து இழுத்த இடங்கள் ஒன்பது. நீங்கள் விரும்பி வாசிப்பவரின் கட்டுரை ஒன்றிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொருந்துகிற இடமெல்லாம் இரவல்.

தொடக்கமும் முடிப்பும்தான் முதலில் தொற்றும். எழுத இருக்கும்போது அதிகம் தடுமாறுவது அங்கேதான். தடுமாறுகிற கை பக்கத்தில் ஆயத்தமாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து சுலபம். முதல் பந்தியைத் தூக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். கடைசிப் பந்தியையும் அப்படியே. அநேகமாக ஒன்றும் குறையாது.

பார்வை இரவலாவதுதான் வில்லங்கம். "கிடுகு வேலியோரம் பூவரசம் பூ உதிர்ந்து கிடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஒழுங்கையில் இன்றைக்குத் தென்னோலை பின்னி அடைத்த கிடுகு வேலி எத்தனை? எண்பதுகளில் ஊரைவிட்டுப் போய் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து எழுதுகிறவர்களுக்கு ஊர் அந்த வருசத்திலேயே நிற்கிறது. அவர்கள் நினைவிலிருந்து எழுதுகிறார்கள், கிடுகு வேலி அவர்களுக்கு உண்மை. உங்களுக்கு முன்னால் இருப்பது சீமெந்துக்கல் மதில். அதன் மேல் பதித்த போத்தல் ஓடு, ஆளில்லாத வெளிநாட்டுக்காரர் வீட்டுப் படலை, அதில் தொங்கும் பூட்டின் துரு, அந்த வீட்டுக் கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் விடப் பின்னேரத்தில் திறப்போடு வருகிற பக்கத்து வீட்டு மாமி. இதை அவர்கள் எழுத ஏலாது. நீங்கள் எழுதலாம், ஆனால் எழுதவில்லை.

சொல்லிலும் இதுதான் நடக்கிறது. சென்னை எழுத்தை அதிகம் வாசிப்பதால் கதிரை நாற்காலியாகி, பின்னேரம் சாயங்காலமாகிவிட்டது. அம்மம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்கிறா. அவ "சாப்பிட்டனியே?" என்றல்லவா கேட்டிருப்பா! அதற்காக வரிக்கு வரி ஊர்ச்சொல்லைத் தூவவும் வேண்டாம். அது சுற்றுலாக்காரருக்கு வைக்கும் பனையோலைப் பெட்டி மாதிரி ஆகிவிடும். உரையாடலில் காது கேட்டபடி எழுதுங்கள், மற்ற இடத்தில் நீங்கள் நினைக்கிற சொல்லையே போடுங்கள்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதினால் என்னவாகும் என்பதற்கு உங்கள் வீட்டு அலுமாரியிலேயே சாட்சி இருக்கும்: செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகங்கள், நாங்கள் கல்வெட்டு என்கிறவை. நாலைந்தை எடுத்து விரியுங்கள். "சைவமும் தமிழும் தழைத்தோங்கும்" என்று ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரே அடைமொழி, பிறகு ஒரே ஒழுங்கில் பிறப்பு, படிப்பு, உத்தியோகம். ஆளை மாற்றிவைத்தாலும் தெரியாது. எங்கேயாவது ஒரு பேரப்பிள்ளை, "தாத்தா சைக்கிள் பெல்லை இரண்டு தரம்தான் அடிப்பார்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியில் மனிதர் எழும்பி வந்துவிடுவார்.

வாசிப்பைக் குறைக்காமல் கலவையை மாற்றுங்கள். இப்போதைய ஒருவரை வாசித்தால் பழைய ஒருவரையும் வாசியுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் சரக்குச் சங்கதியும் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதும் அப்படியே கிடக்கின்றன. பழைய நினைவின் ஏக்கத்தைப் பூசாமல் ஒரு நாளை எப்படி எழுதுவதென்று அதில் பார்க்கலாம். நடை இன்றைக்கு ஒத்துவராததால் தொற்றும் பயமும் இல்லை. 1966இல் தொடங்கிய ஈழத்து இலக்கியச் சஞ்சிகையான மல்லிகையின் பழைய இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் இதழிலேயே பல குரல்கள் கேட்கும்.

கிழமைக்கு ஒருமுறை, பிடித்த கட்டுரையில் அரைப் பக்கத்தைக் கையால் கொப்பியில் பார்த்தெழுதுங்கள். கண் தாவிப்போகும் இடத்தில் கை நிற்கும். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது அப்போதுதான் தெரியவரும். கற்க வேண்டியது அதைத்தான், "போலும்" அல்ல. பார்த்தெழுதிய அன்றைக்கே சொந்தமாக எழுத இருந்துவிடாதீர்கள், அதே தாளம் வந்து விழும். இடையில் ஓர் இரவாவது போகட்டும். மறுநாள் எழுதும்போது அவருடைய கட்டுரையை மூடிவைத்து, உங்கள் குறிப்புக் கொப்பியை மட்டும் விரித்துக்கொள்ளுங்கள். அதில் நாளுக்கு மூன்று வரி போதும்: கண்டது ஒன்று, காதில் விழுந்த பேச்சு சொன்னபடியே ஒன்று, சந்தையில் கொடுத்த விலை ஒன்று. முதல் இரண்டு கிழமை வரிகள் சப்பென்றுதான் இருக்கும். அழகுபடுத்த வெளிக்கிட்டால் திரும்பவும் பூவரசம் பூ உதிரும், கவனம்.