ரிப்பேர் முடிந்த பிறகும் எஞ்சின் சூடாகிறதா? கூலிங் சிஸ்டம் கேள்வி பதில்

வாட்டர் பம்பையோ ரேடியேட்டரையோ மாற்றிவிட்டு, அப்புறமும் சூடு குறையவில்லை என்று வந்த கேள்விகள் இவற்றில் சில. வேலை முடிந்து வந்த வண்டி முன்பு இல்லாத மாதிரி நடந்தால், அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன் கை பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கழற்றிய ஹோஸ், பிடுங்கிய வயர், திறந்த மூடி எல்லாம் அதில் சேரும்.

இன்னொன்று. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் திரவம். மூடி தளர்ந்ததும் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் வெறும் கையால் பிடிக்கிற சூட்டுக்கு வந்து, அழுத்தினால் தளர்வாக இருந்தால் மட்டும் திறக்கலாம்.

அண்ணே, வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போட்டாயிற்று. 10 நிமிடம் ஓடினால் சூட்டுமானி முள் சிவப்புக்குப் போகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஹீட்டர் போட்டால் சில்லென்று காற்று வருகிறது. பம்ப் மோசமா?

பம்பைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை தம்பி. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஏர் லாக்கைத்தான் காட்டுகின்றன. கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, வடித்துவிட்டு மறுபடி ஊற்றும்போது, எஞ்சினின் மேடான இடங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. தெர்மோஸ்டாட் என்பது உள்ளே உள்ள மெழுகு சூட்டில் விரிந்ததும் திறந்து, கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதற்கு அடியில் காற்று நின்றால் அதன் மெழுகுக்குச் சூடு சரியாக எட்டாது, தாமதமாகத் திறக்கும். சென்சாரைக் காற்றுக் குமிழி கடக்கும்போது முள் குதிக்கும். ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடாததால் குளிர்ந்த காற்று வரும்.

முதலில் ஒரு கணக்கு போடுங்கள். எத்தனை லிட்டர் வடித்தார்கள், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள்? வடித்தது 5, ஊற்றியது மூன்றரை என்றால் மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. ரேடியேட்டர் வாய்வரை நிறைந்து தெரிவதை நம்பாதீர்கள்.

காற்றை எடுக்க, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். தெர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் கூட்டின் அருகிலோ மேல் ஹோஸிலோ காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் தளர்த்தி, கூலன்ட் குமிழியில்லாமல் வரும்வரை ஊற்றி மூடுங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுவது குமிழிகளைத் தள்ளும். ஓடும் ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும், கை கவனம். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது தாராளமாக ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, ஹீட்டரில் நிலையாகச் சூடு வந்தால் வேலை முடிந்தது. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் அழுத்தம் தாங்கும் டேங்க் மட்டும் உள்ள கார்களில் இதே வேலையை டேங்க் வழியாகச் செய்ய வேண்டும். சிலவற்றுக்கு வாக்குவம் போட்டு நிரப்புவதுதான் கையேட்டு முறை, அதையே பின்பற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டின் வட்டத்தில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருந்தால், பெரும்பாலான எஞ்சின்களில் அது மேல் பக்கம் வர வேண்டும். காற்று தப்பிக்கும் வழி அது. கீழே வைத்து மாட்டியிருந்தால் எத்தனை முறை ஊற்றினாலும் தொல்லை தீராது.

(அதே தம்பி, இரண்டு நாள் கழித்து) நீங்கள் சொன்னபடி செய்தேன். 40 நிமிடம் ஆகியும் குமிழி நிற்கவில்லை. மேல் ஹோஸ் காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே கல் மாதிரி ஆகிறது.

இப்போது கதை மாறுகிறது. சிக்கிய காற்று ஒரு அளவுக்கு வந்து தீர்ந்துவிடும். தீராத குமிழி என்றால் யாரோ உள்ளே காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ பெரும்பாலும் சிலிண்டர்தான். எஞ்சின் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸில் அழுத்தம் ஏறிவிட்டது. சூட்டால் வந்த அழுத்தமாக அது இருக்க முடியாது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இதை ஊகத்தில் விடாதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல ரசாயனத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். ஆயில் அளவுகோலில் பால் கலந்த நிறம், புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகையோடு இனித்த வாடை ஆகியவையும் துணைச் சாட்சிகள். ஆனால் இவை இல்லாததால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

உறுதியானால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடச் சம்மதிக்க வேண்டாம். அலுமினிய ஹெட் ஒரு முறை மிகச் சூடானால் வளையும். பல எஞ்சின்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான் வளைவு அனுமதி. நேர் பட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய பம்ப் நின்றுபோனபோது வண்டியைச் சூட்டோடு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதையும் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மாற்றிய பிறகு சிக்னலில் நின்றால் மட்டும் சூடு ஏறுகிறது. ஓடினால் சரியாகிவிடுகிறது.

ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ரேடியேட்டரைக் கழற்றும்போது பிடுங்கிய ஃபேன் பிளக்கை மாட்டினார்களா என்று பாருங்கள். பிறகு ஃபியூஸ், ரிலே. ஓடினால் ஒரு மெல்லிய தாளை வண்டியின் முன்பக்கம் காட்டுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால் தாளை உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் வயர் மாறி ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஃபேனைச் சுற்றியுள்ள கூடு மறுபடி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்று பக்கவாட்டில் நழுவிவிடும்.

எனக்கு நேர் எதிர் சார். ஊருக்குள் பிரச்சினை இல்லை, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் சூடு. போன வாரம்தான் பெல்ட் மாற்றினேன்.

பெல்ட் மாற்றினேன் என்று சொன்னது நல்லதாயிற்று. ஒற்றை நீள பெல்ட் பல கப்பிகளைச் சுற்றிப் போகும். பம்பின் கப்பியை உள்பக்கமாகச் சுற்ற வேண்டியதை வெளிப்பக்கமாகச் சுற்றினால் பம்ப் தலைகீழாகச் சுழலும். அப்போதும் கொஞ்சம் கூலன்ட் நகரும். மெதுவான ஓட்டத்துக்கு அது போதும், வேகத்தில் போதாது. நான் தொழில் பழகிய நாட்களில் இப்படி ஒரு வண்டிக்கு ரேடியேட்டரைக்கூட மாற்றிவிட்டுத்தான் பெல்ட்டைப் பார்த்தோம். வண்டிக்காரர் வீணாகச் செலவழித்தது இன்றும் எனக்கு வருத்தம். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தோடு உங்கள் பெல்ட்டை ஒப்பிடுங்கள்.

அது சரியாக இருந்தால், யாரையாவது எஞ்சினை ரேஸ் செய்யச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. இற்றுப்போன ஹோஸ் வேகத்தில் சப்பையாகி வழியை அடைக்கும். அதற்கப்புறம்தான் அடைத்த ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கிறது. ஆனால் சூடு பிரச்சினை எதுவும் இல்லை.

மூடியை மாற்றுங்கள். எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சுருங்கும், மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து ரிசர்வ் டேங்கிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது டேங்குக்குப் போகும் சின்ன ட்யூப் மடிந்திருக்கிறது. புது மூடியில் பழையதில் இருந்த அதே அழுத்த எண் இருக்க வேண்டும். 0.9 பார் மூடி ஒன்று வெறும் தண்ணீரின் கொதிநிலையையே 118 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது, அந்த எண் அவ்வளவு முக்கியம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடே ஆகாது என்கிறார்களே?

இந்தப் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. எஞ்சின் குறைந்த சூட்டிலேயே ஓடினால் எரிபொருள் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் கூடும்.

சந்தேகமாக இருந்தால் சோதியுங்கள். பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் படாமல், வெப்பமானியோடு சூடாக்குங்கள். மேலே பொறித்த எண்ணுக்கு, 82 அல்லது 88 என்று இருக்கும், அருகில் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரிப்பேருக்குப் பிறகு ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. முள் அடியிலேயே கிடக்கிறது.

சூட்டு சென்சாரின் பிளக் கழன்றிருக்கிறது. சூடு தெரியாதபோது கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும்.

பச்சை கூலன்ட் இருந்தது, கடையில் சிவப்புதான் கிடைத்தது. கலந்துவிட்டேன். பரவாயில்லையா அண்ணே?

நிறம் என்பது சாயம்தான் தம்பி, அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது. துருத் தடுப்பு மருந்து எந்த வகை என்பதே முக்கியம், அது டப்பாவிலும் வண்டிக் கையேட்டிலும் இருக்கும். பொருந்தாத வகைகள் சேர்ந்தால் தடுப்புச் சக்தி குறையும், சில சமயம் கூழாகிப் படியும். என் யோசனை, வடித்துவிட்டுச் சுத்தமான தண்ணீரால் அலசி, ஒரே வகையை ஊற்றுங்கள். அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி, காய்ச்சி வடித்த நீரோடு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே நாயும் பூனையும் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

ரிசர்வ் டேங்கில் மட்டம் இரண்டு முறை இறங்கிவிட்டது. வெளியே ஒரு சொட்டும் இல்லை. கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாமா?

வேண்டாம். அந்த மருந்து ஓட்டையை மட்டும் தேடிப் போகாது, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வேலை முடிந்த முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் மிச்சக் காற்று வெளியேறி மட்டம் இறங்குவது இயல்பு. ஆறிய எஞ்சினில் குறிவரை நிரப்பி, ஒரு கோடு போட்டு வையுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் அழுத்தச் சோதனை செய்யுங்கள். மூடியில் உள்ள எண்ணுக்கு மேல் போகாமல் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தமானி முள் இறங்கினால் புதிதாக மாட்டிய கிளாம்ப்களிலிருந்து தேடத் தொடங்குங்கள், பிறகு பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை, முன்சீட்டுக் காலடி விரிப்பின் ஈரம் (ஹீட்டர் கசிந்தால் அங்கேதான் நனையும்).

வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டால் உடனே என்ன செய்வது?

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள், பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நின்று எஞ்சினை அணையுங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் ஹெட் போய்விடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். குளிர்ந்த நீரைச் சூடான எஞ்சினுக்குள் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். ஆறிய பிறகு கையில் உள்ள தண்ணீரையே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எவ்வளவு பிடித்தது என்று குறித்துக்கொண்டு, அந்த அளவை மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.